‘இது என்ன மாசம்?’ – மூளைக்காயச் சிகிச்சையின் வரலாற்றில் ஒரு கேள்வி

உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்கு ஒருமுறையாவது பயிலரங்குக்காக வராத தமிழாசிரியர் சிங்கப்பூரில் இருக்க மாட்டார். பயிலரங்கு முடிந்ததும் நாம் என்ன செய்வோம்? பியட்டி சாலையிலிருந்து வெளியே வந்து, சிராங்கூன் சாலையில் தேக்கா பக்கமாகத் திரும்பி, ஒரு டீ, ஒரு வடை, அப்படியே வீட்டுக்கு. அடுத்த முறை எதிர்ப்பக்கமாக நடந்து பாருங்கள். பாலஸ்டியர் சாலை வந்து சேரும் முனைப் பக்கம் குவோங் வாய் ஷியூ மருத்துவமனை இருக்கிறது. 1910-ல் அது தொடங்கப்படுவதற்கு முன், ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த இடத்தில் இருந்தது டான் டோக் செங் மருத்துவமனை. இன்று மூளையில் அடிபட்டவர்களுக்கான சிறப்புத் தீவிர சிகிச்சை என்றால் சிங்கப்பூரில் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று அது.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவன். இந்தக் கட்டுரை எழுத நேர்ந்தது என் தாத்தா சொன்ன ஒரு சொல்லால்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தாத்தா எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் படி தவறி விழுந்தார். பின்மண்டையில் அடி. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். ஆம்புலன்ஸ் வந்து ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. அங்கே பிலிப்பீன்ஸைச் சேர்ந்த தாதி ஒருவர், ரொம்பப் பொறுமையானவர், ஆங்கிலத்தில் கேட்டார்: அங்கிள், இது என்ன மாதம்? தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், அந்த அளவு ஆங்கிலம் புரியும். ஆனால் அடிபட்ட மனிதருக்கு வாயில் வருவது தாய்மொழிதான்.

“ஐப்பசி.”

தாதிக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டார். தாத்தா கொஞ்சம் சத்தமாக, “ஐப்பசி பதினொண்ணு” என்றார். இது எந்த இடம் என்று கேட்டதற்கு, “பெரியாஸ்பத்திரி.” தாதி ஒரு தாளில் பேச்சுக்கு நேராக 3 என்று குறித்தார். நான் அப்போது வெளியே படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பாட்டி சொல்லித்தான் தெரியும். தாதியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஏதோ சொற்கள் வருகின்றன என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கும்.

அந்த 3 என்ன 3 என்று தேடப்போய்த்தான் இவ்வளவும் படித்தேன்.

முதலில் பழைய கதை. காய்கறி விற்றுப் பிழைப்பைத் தொடங்கி, பிறகு பெரிய வணிகரான டான் டோக் செங், 1844-ல் ஏழை நோயாளிகளுக்காக மருத்துவமனை கட்ட 5,000 வெள்ளி கொடுத்தார். முதல் கட்டடம் பேர்ல்ஸ் ஹில்லில் எழுந்தது. 1860 வாக்கில் மருத்துவமனை சிராங்கூன் சாலைக்கு வந்தது. சுண்ணாம்புக் காளவாய்களால் நம் மக்கள் சுண்ணாம்புக் கம்பம் என்று பெயர் வைத்திருந்த சாலை. பெருமாள் கோயில் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். மாட்டுவண்டியிலிருந்து விழுந்தவர், கட்டட வேலையில் தலையில் கல் விழுந்தவர் என்று ஒருவரை அன்று அங்கே கொண்டுபோயிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? படுக்க வைத்திருப்பார்கள். காயத்தைக் கழுவிக் கட்டியிருப்பார்கள். பிறகு காத்திருப்பார்கள். சிங்கப்பூரில் மட்டுமல்ல, லண்டனிலும் பெரும்பாலும் அதுதான் நிலை.

ஏன் காத்திருக்க மட்டுமே முடிந்தது? காரணம் மண்டையோடு. எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் மன்றோ 1783-லேயே அதைச் சொல்லிவிட்டார். அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லி 1824-ல் அதை உறுதிப்படுத்தினார். வளர்ந்தவரின் மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி. அதற்குள்ளே மூளை, இரத்தம், மூளைத் தண்டுவட நீர் மூன்றும் நெருக்கி அடைந்திருக்கின்றன. ஒன்று கூடினால் இன்னொன்று இடம் விட வேண்டும். காலில் அடிபட்டால் வீங்குகிறது, வலிக்கிறது, வற்றிவிடுகிறது. மூளை வீங்கினால் போக இடமில்லை. அழுத்தம் ஏறுகிறது, ஏறிய அழுத்தத்தை எதிர்த்து இரத்தம் உள்ளே நுழைய முடிவதில்லை, இரத்தம் வராத மூளை இன்னும் வீங்குகிறது. ஆகவே தலையில் அடிபட்டவர்கள் பலர் முதல் அடியால் சாவதில்லை. அதற்குப் பிறகு வரும் மணிநேரங்களில், நாள்களில் நடக்கும் இரண்டாம் நிலைச் சேதத்தால் சாகிறார்கள். மூளைக்கான தீவிர சிகிச்சை முழுவதும் இந்த இரண்டாம் சேதத்தோடு நடக்கும் மல்லுக்கட்டுதான். முதல் அடியை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

தனிக் கவனிப்பு வேண்டும் என்று முதலில் செயலில் காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி. 1923-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், மூளை அறுவை முடிந்தவர்களுக்கென்று மூன்றே மூன்று கட்டில்களோடு ஒரு பிரிவு தொடங்கினார். பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. அந்த வேலைக்கென்றே பழகிய தாதியர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த திருப்பம் மூளைக்காயத்திலிருந்து வரவில்லை, இளம்பிள்ளை வாதத்திலிருந்து வந்தது. 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத்தசை செயலிழந்து பிள்ளைகள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் மாதம் பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து மருத்துவர் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் இட்ட துளை வழியே குழாய் செருகி, கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தார். அவள் பிழைத்தாள். பிறகு நடந்ததை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் வாய்திறந்து கேட்பார்கள்: ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக, நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து கையால் பையை அழுத்தினார்கள். வாரக்கணக்கில்! இறப்பு பாதியாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு, 1953-ல், இப்சன் அதே நகரில் எல்லா வகை ஆபத்தான நோயாளிகளுக்கும் ஒரு தனிப் பிரிவு தொடங்கினார். இன்று நாம் சொல்லும் தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கிருந்து வருகிறது.

மூளைக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். மூச்சு குறைந்தால் இரத்தத்தில் கரியமில வாயு கூடும். அது கூடினால் மூளையின் இரத்தக்குழாய்கள் விரியும். விரிந்தால் பெட்டிக்குள் நெருக்கடி. மூச்சைக் கட்டுக்குள் வைப்பது அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் ஒரு வழி. அந்த அழுத்தத்தைத் தலைக்குள்ளேயே தொடர்ந்து அளக்க முடியும் என்று 1960-ல் விரிவாகக் காட்டினார் சுவீடனின் நில்ஸ் லுண்ட்பெர்க். ஒரு மெல்லிய குழாய், வரைபடத் தாளில் ஏறி இறங்கும் ஒரு கோடு. அதற்கு முன் மருத்துவர்கள் ஊகித்துக்கொண்டிருந்ததை இனி எண்ணாகப் பார்க்க முடிந்தது.

நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை பொது மருத்துவமனையில் பா. ராமமூர்த்தி அந்தப் பணியைத் தொடங்கினார். எழுபதுகளுக்கு முன் தமிழ்நாட்டில் தலையில் அடிபட்டுப் பிழைத்த பலர் இந்த இரண்டு இடங்களுக்கும் கடன்பட்டவர்கள்.

இனி என் தாத்தாவின் 3.

1974-ல் கிளாஸ்கோ நகரத்தின் இரண்டு மருத்துவர்கள், கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னெட்டும், ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுடைய பிரச்சினை ஒரு மொழிப் பிரச்சினை. ‘அரைமயக்கம்’, ‘ஆழ்மயக்கம்’, ‘மந்தம்’ என்று ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு சொல் எழுதுவார். காலையில் ஒருவர் எழுதிய ‘மந்தம்’ மாலையில் வந்தவருக்கு வேறு பொருள் தரும். நோயாளி மோசமானாரா, எழுதியவர் மாறினாரா என்றே தெரியாது. கட்டுரைப் பயிற்சியை நான்கு ஆசிரியர்கள் மதிப்பெண் வரையறை இல்லாமல் திருத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அவர்கள் செய்ததும் நாம் செய்வதுதான்: ஒரு வரையறை எழுதினார்கள். கண் திறப்பதற்கு 4 வரை, பேச்சுக்கு 5 வரை, உடலசைவுக்கு, பின்னால் ஒரு படி சேர்த்ததில், 6 வரை. மொத்தம் 15. ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3 உண்டு. 8-ம் அதற்குக் கீழும் என்றால் கடுமையான காயம்.

பேச்சுக்கான ஐந்து படிகளைப் பாருங்கள். தான் யார், எங்கே இருக்கிறோம், என்ன மாதம் என்று சரியாகச் சொன்னால் 5. வாக்கியமாகப் பேசினாலும் குழம்பினால் 4. வாக்கியம் இல்லாமல் தொடர்பற்ற சொற்கள் மட்டும் என்றால் 3. சொல்லும் இல்லை, ஓசை மட்டும் என்றால் 2. மௌனம் 1. ஓசை, சொல், தொடர், பொருள்! தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு இந்த வரிசை எங்கோ கேட்டது போல இருக்கும். மேலிருந்து கீழே மொழி எப்படிக் கழன்று விழுகிறது என்பதை வைத்து மூளையின் நிலையை அளக்கிறார்கள்.

அடுத்த ஆண்டே, 1975-ல், கிளாஸ்கோவிலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. அடிபட்ட பிறகு பேசியவர்கள், ஆனாலும் இறந்துபோனவர்கள் பற்றியது. ஒருவர் பேசினார் என்றால் முதல் அடி அவரைக் கொல்லும் அளவுக்கு இல்லை என்று பொருள். அப்படியானால் அவர் பிழைத்திருக்கக்கூடியவர். பேச்சுக்கும் சாவுக்கும் இடையிலான அந்த இடைவெளியில் யாராவது கவனித்திருந்தால்? மூளைக்கான தனித் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பெருகியதற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதே காலத்தில் இன்னொரு கருவியும் கைக்கு வந்தது. 1971-ல் லண்டனில் முதல் நோயாளியின் தலையை சிடி ஸ்கேன் படம் பிடித்தது. எட்டே ஆண்டில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு நோபெல் பரிசு. ஆனால் ஸ்கேன் அந்த நொடியின் படம்தான். எப்போது மறுபடி படம் எடுக்க வேண்டும் என்று சொல்வது கட்டிலருகே கேட்கப்படும் கேள்வி.

சிங்கப்பூருக்குத் திரும்புவோம். டான் டோக் செங் மருத்துவமனை 1909-ல் சிராங்கூன் சாலையை விட்டு மோல்மீன் சாலைக்குப் போய்விட்டது. நெடுங்காலம் காசநோய் மருத்துவமனை என்றே பெயர். என் பாட்டிக்கு இன்றும் அந்தப் பெயரைக் கேட்டால் இருமல்தான் ஞாபகம் வரும். பின்னாளில் அங்கே நரம்பியல் அறுவைத் துறை வளர்ந்தது. அதன் தலைவராக இருந்தவர்களில் ஒருவர் கோபால் பரதம். இந்தப் பெயரை நீங்கள் வேறு இடத்தில் கேட்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் நாவலும் சிறுகதையும் எழுதி, 1991-ல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றவர். பகலில் மண்டையோட்டைத் திறந்தவர், ஓய்வு நேரத்தில் கதை எழுதினார். 2002-ல் காலமானார். ஆங்கில இலக்கிய ஆசிரியர்கள் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். நம் வகுப்புகளில் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு ஒரு குறை. 1999-ல் அதே வளாகத்தில் தேசிய நரம்பியல் கழகம் உருவானது. நரம்பியல் மருத்துவமும் அறுவையும் ஒரே குடைக்கீழ் வந்தன.

இன்று அத்தகைய பிரிவில் ஒரு கட்டில் எப்படி இருக்கும்? தலைப்பக்கம் 30 பாகை உயர்ந்திருக்கும், இரத்தம் வடிய வசதியாக. கழுத்து நேராக இருக்கும். கடுமையான காயம் என்றால் தலைக்குள் அழுத்தம் அளக்கும் கம்பி. அழுத்தம் 22 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டினால் மருத்துவர் வருவார். சராசரி இரத்த அழுத்தத்திலிருந்து தலைக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கழித்தால் வருவதுதான் மூளைக்கு இரத்தத்தைத் தள்ளும் விசை: 90-லிருந்து 20 போனால் 70. இந்த ஒரு கழித்தல் கணக்கைச் சரியாக வைத்திருக்கத்தான் இத்தனை மருந்தும் இயந்திரமும். மயக்கத்தில் இருப்பவரிடம் கேள்வி கேட்க முடியாது. அங்கே கம்பி பேசும். மற்றவர்களிடம் மணிக்கு ஒருமுறை, நடுராத்திரியிலும் எழுப்பி, அதே கேள்விதான்.

எந்த மொழியில்? ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நிற்கும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்து, சாரத்தில் ஏறி வேலை பார்க்கும் தம்பிகள். உயரத்திலிருந்து விழுவது இங்கே வேலையிட மரணங்களுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. அப்படி விழுந்த ஒருவரின் கட்டிலருகே அம்மா இருக்க மாட்டார், மனைவி இருக்க மாட்டார். அவருடைய ‘வழக்கமான பேச்சு’ எப்படி இருக்கும் என்று சொல்ல ஆளில்லை. ‘என்ன மாசம்’ என்றால் அவரும் ஒருவேளை ‘ஐப்பசி’ என்பார். ‘எந்த இடம்’ என்றால் தங்குவிடுதியின் பெயரை மட்டும் சொல்வார். அது குழப்பமா, இல்லை தெரிந்ததைச் சொல்கிறாரா என்று பிரித்துப் பார்க்கத் தமிழ் தெரிந்த ஒரு காது வேண்டும்.

என் தாத்தாவுக்கு அந்தக் காது அரைமணி நேரத்தில் கிடைத்தது. பணி மாறி வந்த தாதி கும்பகோணத்துப் பெண். தாளைப் பார்த்துவிட்டு நேரே தாத்தாவிடம் போய், “தாத்தா, இது என்ன மாசம்?” என்றார்.

“எத்தன தடவ சொல்றது? ஐப்பசி பதினொண்ணு. நாளன்னிக்குத் தீபாவளி.”

“எங்க இருக்கீங்க?”

“பெரியாஸ்பத்திரில. நீ யாரும்மா, ஊரு எது?”

3-ஐ அடித்துவிட்டு 5 போட்டார். மொத்தம் 13 இல்லை, 15. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். ஸ்கேனில் மூளைக்கு மேலே மெல்லிய இரத்தக்கசிவு மட்டும் தெரிந்தது. இரவு கவனிப்பில் வைப்போம், பார்ப்போம் என்றார்கள்.

விடியற்காலை மூன்று மணிக்கு அந்தப் பெண் மறுபடி வந்து எழுப்பியபோது தாத்தா கூப்பிட்ட பிறகுதான் கண் திறந்தார். கண்ணுக்கு 3. என்ன மாசம் என்றதற்கு, “சம்பளம் போட்டாச்சா?” என்றார். பேச்சுக்கு 4. கைகால் சொன்னபடி அசைந்தன, 6. கூட்டினால் 13.

இந்த எண்ணைக் கவனியுங்கள். முதலில் தவறாக எழுதப்பட்ட மொத்தமும் 13-தான். அது தாளில் அப்படியே நின்றிருந்தால், மூன்று மணிக்கு வந்த 13-க்கு எதிரே ‘மாற்றமில்லை’ என்றுகூட யாராவது எழுதியிருக்கலாம். 15 என்று இருந்ததால் இரண்டு இறங்கியது கண்ணில் பட்டது. உடனே ஸ்கேன். கசிவு தடித்திருந்தது. நான்கு மணிக்கு அறுவைக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள் இருந்தார். தீபாவளி அங்கேதான். வாயில் குழாய் இருந்ததால் பேச்சுக்கான கட்டத்தில் எண்ணுக்குப் பதில் ‘டி’ என்று போட்டிருந்தார்கள். குழாய் எடுத்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். கும்பகோணத்துப் பெண்ணுக்கு அந்தப் பிரிவில் வேலை இல்லை. அதனால் தாதி என்னைக் கேட்கச் சொன்னார். நான் பதற்றத்தில், “தாத்தா, இது எம்மாதம்?” என்று கேட்டுவிட்டேன். பாடநூல் வாய்! தாத்தா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பதில் இல்லை. பாட்டி என்னைத் தள்ளிவிட்டு, “ஏங்க, இது என்ன மாசம்?” என்றார். உடனே வந்தது.

2005-ல் நம் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடம் வேண்டும் என்று சொன்னபோது எதிர்த்து வாதாடியவர்கள் நம்மில் பலர். எனக்கும் உள்ளுக்குள் ஒரு தயக்கம் இருந்தது. அந்தக் கட்டிலருகே நின்ற பிறகு அது போய்விட்டது.

இதை உயர்நிலை மூன்று வாய்மொழிப் பயிற்சியில் பயன்படுத்திப் பார்த்தேன். நீங்களும் செய்யலாம், ஒரு பாடவேளை போதும். அடிபட்ட தாத்தா ஒருவரிடம் கேட்கத் தமிழில் ஐந்து கேள்வி எழுதச் சொன்னேன். ஒரு குழு, ‘தங்கள் இருப்பிடம் யாது?’ என்று எழுதியது. அதைச் சத்தமாகப் படித்ததும் வகுப்பே சிரித்தது. பிறகு ஏன் சிரித்தோம் என்று பேசினோம். இன்னொரு குழு, ‘சாப்டீங்களா?’ என்று எழுதியது. நல்ல கேள்வி மாதிரித்தான் இருக்கிறது. ஆனால், “சார், என் பாட்டி தூக்கத்துலகூட ‘ஆச்சு’ன்னு சொல்லிடுவாங்க” என்றான் பின்வரிசை மாணவன் ஒருவன். பழக்கத்தில் தானாக வரும் பதில் எது, யோசித்தால்தான் வரும் பதில் எது என்று அதற்குப் பிறகு இருபது நிமிடம் விவாதம். ‘பேரப்பிள்ளை எத்தன பேரு?’ தேறியது. ‘நேத்து என்ன கெழம?’ தேறியது. மாதம் கேட்கலாம், ஆனால் கேட்பவருக்குச் சித்திரை முதல் பங்குனி வரை தெரிந்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. பன்னிரண்டையும் வரிசையாகச் சொல்லச் சொன்னேன். முப்பத்திரண்டு பேரில் நான்கு பேர் சொன்னார்கள். அடுத்த வாரம் மறுபடி கேட்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.